அந்த வரி என்னுடையதல்ல

“எனது மகனின் உடல்நிலை காரணமாக, எனது சொந்த விருப்பத்தின் பேரில், அவனைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்.”

இதை எழுதியது என் கைதான். கீழே இருப்பதும் என் கையெழுத்துத்தான். 2019 நவம்பர், விடாத மழை. அதிபரின் மேசைக்கு இந்தப் பக்கம் நான், மடியில் என் பிள்ளை. மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டை அவன் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிபர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “சொந்த விருப்பத்தின் பேரில்” என்ற இடத்தில் பேனை நின்றது. “எழுதுங்க அம்மா. அப்பத்தான் உங்களுக்கும் பிரச்சின இல்ல, எங்களுக்கும் பிரச்சின இல்ல” என்றார். எழுதிவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளையை வெளியே தள்ளினார்கள். தள்ளியவள் நான்தான் என்று என்னிடமே எழுதி வாங்கினார்கள்.

என் அம்மா கைநாட்டு. தோட்டத்தில் கொழுந்து பறித்த விரலில் மை தடவித்தான் சம்பளம் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடப் படித்த முதல் பெண் நான். இதற்காகவா படித்தேன்?

ஆறு வருஷம் வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டால், “அவனுக்கு ஒத்துவரல, நிப்பாட்டிட்டோம்” என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்லித் தந்த பொய்யை என் பொய்யாகச் சுமந்து திரிந்தேன். இனி என்னால் முடியாது.

நாங்கள் இருப்பது பல்லேகலயில். என் கணவருக்குக் கைத்தொழில் பேட்டையில் ஷிப்ட் வேலை. இந்த ஊரில் எதற்கு இடம் கிடைக்கவில்லை சொல்லுங்கள். தொழிற்சாலைகளுக்கு இடம் கிடைத்தது. 2009 இல் கிரிக்கெட் மைதானம் வந்தது. கண்டி நகரத்துப் போகம்பறைச் சிறைச்சாலையை 2014 இல் மூடியபோது கைதிகளைக் கொண்டுவந்து வைக்கவும் இங்கேதான் இடம் இருந்தது. மத்திய மாகாண சபையின் கட்டடத் தொகுதியும் இங்கேதான். மாகாணம் முழுவதற்கும் கோப்பு நகர்கிற ஊர் இது. இந்த ஊரில் என் மகன் உட்கார ஒரு கதிரை இல்லை. ஒரே ஒரு கதிரை. ஜன்னலோரமாக. அதைக் கேட்டதா பெரிய குற்றம்?

அவன் 2013 ஒக்டோபரில் பிறந்தான். ஆண் பிள்ளை என்று நீல நிறக் கார்ட் தந்தார்கள். எடை கூடினால் புள்ளி வைப்பார்கள், புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுவார்கள். அவனுடைய கோடு மேலே மேலே போனது. மாதா மாதம் கிளினிக்கில் தூக்கிப் பார்த்து நல்ல பிள்ளை என்றார்கள். அதே கார்ட்டின் உள்ளே, எந்த மாதத்தில் சிரிக்க வேண்டும், எந்த மாதத்தில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், எப்போது ஒரு சொல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை, அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான், ஆனால் பிஸ்கட் பக்கற் கிழிகிற சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். காது நன்றாகக் கேட்கிறது என்று நிம்மதிப்பட்டேன். “ஆம்பளப் பிள்ளைங்க சுணங்கித்தான் பேசும்” என்றார் மாமியார். “இவங்க அப்பா நாலு வயசிலதான் வாய் தொறந்தார்” என்றார். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.

மூன்று வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் ஓட்டிசம் என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தந்தார்கள். விடிய ஐந்தரைக்குப் பஸ் ஏறுவோம். தென்னக்கும்புரப் பாலம் தாண்டிக் கண்டி, அங்கே இறங்கி இன்னொரு பஸ். அரை மணிநேரப் பயிற்சிக்கு அரை நாள் போகும். பயிற்சி தந்த மிஸ் நல்லவர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. என் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது.

ஒரு நாள் பூனைப் படத்தைத் தூக்கிக் காட்டி, “மே மொகக்த?” என்று கேட்டார். அவன் படத்தையே பார்த்தான். நேரம் போனது. பிறகு, மெதுவாக, “பூன” என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாதக்கணக்கில் ஒரு சொல் கேட்காத தாய் நான். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். அவர் எதிர்பார்த்தது “பூசா”. என் பிள்ளை வாய்திறந்து சொன்னது ஒரு சொல் என்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பஸ் சிங்களத்தில், கடைச் சிங்களத்தில் விளக்கினேன். தலையாட்டினார், சிரித்தார், தாளில் ஏதோ எழுதினார். பிறகு அந்த அறிக்கையை ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். சொற்கள் இல்லை என்று இருந்தது.

சொற்கள் இல்லையா? அந்தச் சொல் எங்கே போனது? என் காதில் விழுந்ததே!

வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள், சிங்களத்தில் பேசினால் பயிற்சிக்கு லேசு என்று சொன்னார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள், தெரியும். நான் அதையும் செய்தேன். என் பிள்ளையோடு நான் தமிழ் பேசுவதை நிறுத்தினேன். தூங்க வைக்கும்போது பாடுவதை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களம், விலை கேட்கவும் இடம் கேட்கவும்தான் போதும். அதில் எப்படி ஒரு பிள்ளையைக் கொஞ்சுவது? ஒரு வருஷம் எங்கள் வீடு ஊமையாகக் கிடந்தது. அவன் அந்தப் “பூன”வையும் விட்டுவிட்டான். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளையின் பேச்சு கெட்டுப்போகாது என்று ஆய்வுகள் காட்டுகின்றன என்பதை வெகுகாலம் பொறுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வருஷத்தை எந்தக் கவுண்டரில் போய்த் திருப்பிக் கேட்பது? தமிழில் பேச்சுப் பயிற்சி தரத் தெரிந்தவர் ஒருவர் இந்த மலைப் பக்கத்தில் இருக்கிறாரா என்று தேடித் தேடி நான் அலுத்துப் போனேன். தமிழ்ப் பிள்ளைக்கு ஓட்டிசம் வராது என்று யாராவது நினைத்துவிட்டார்களா?

வரும். 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது, பேராசிரியர் ஹேமமாலி பெரேரா இந்த நாட்டிலேயே செய்து 2009 இல் வெளிவந்த ஆய்வில். வெளிநாட்டுக் கணக்கு இல்லை இது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி அங்கே பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். எங்கே அந்தப் பத்துப் பேர்? உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அவர்கள் எங்கே என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? எனக்குத் தெரியும் அவர்கள் எங்கே என்று. கதவைச் சாத்திய வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமாரும் உள்ளே இருக்கிறார்கள்.

2019 ஜனவரியில் தரம் 1. வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. சப்பாத்துப் போட அவன் சம்மதிக்க மூன்று வாரம் பிடித்தது, தினமும் ஐந்து நிமிஷம் போட்டுப் போட்டுக் கழற்றிப் பழக்கினேன். முதல் தவணை நல்லபடியாகப் போனது. போக வைத்தவர் ஓர் இளம் டீச்சர். அவனை ஜன்னலோரம் இருத்தினார். கூட்டுப் பிரார்த்தனையில் மைக் அலறும்போது காதைப் பொத்திக்கொண்டு வகுப்பிலேயே இருக்கவிட்டார். தண்ணீர், கழிப்பறை, வீடு என்று சின்னச் சின்னப் படம் வரைந்து கயிற்றில் கட்டிக் கொடுத்தார். அவன் படத்தைத் தொட்டுக் காட்டுவான். அந்தக் கயிறு வந்த பிறகு ஒரு நாளும் காற்சட்டையை நனைத்ததில்லை. “எனக்கு இதப்பத்தி யாரும் ஒண்ணும் சொல்லித் தரல அக்கா. நானா யோசிச்சுச் செய்றேன்” என்றார். ஒரு காட்போட் மட்டையும் ஒரு முழக் கயிறும்தான் செலவு. அவ்வளவுதான் என் பிள்ளைக்கு வேண்டியிருந்தது. இரண்டாம் தவணையில் அவருக்கு இடமாற்றம் வந்தது.

அதற்கு முன்னமே ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு. குண்டுகள் வெடித்தன, பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து மே மாதம் திறந்தன. வாசலில் பை சோதனை. நாடே பயந்து கிடந்த நேரம், சோதித்தவர்களை நான் குறை சொல்லவில்லை, பெற்றோர்தான் முறை வைத்து நின்றார்கள், நானும் ஒரு நாள் நின்றேன். ஆனால் என் பிள்ளைக்கு அவன் பைக்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. தண்ணீர்ப் போத்தல் இடது பக்கம். பெட்டி கீழே. தெரியாத ஒரு கை உள்ளே போய்க் கிளறியதும் அவன் அலறினான். தரையில் விழுந்து தலையை முட்டினான். சுற்றி நின்றவர்கள் பார்த்தது ஒரு பிடிவாதக்காரப் பிள்ளையை. அது பிடிவாதம் இல்லை! அவனுக்குச் சத்தமும் வெளிச்சமும் தொடுகையும் நமக்குப் படுவதுபோல் படுவதில்லை. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கிற சின்னத் துணி லேபல், அது அவனுக்கு முள். நாளின் ஒழுங்கு குலைந்தால் அவனுக்குக் காலடியில் நிலம் இல்லாத மாதிரி. அந்தப் பயத்தைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை, அதனால் உடம்பால் சொன்னான். இதைச் சொன்னேன். எல்லாரிடமும் சொன்னேன். “பைய நானே எடுத்துக் காட்டுறேன், அவன் முன்னுக்குக் கிளறாதீங்க” என்று கெஞ்சினேன். ஒரு பிள்ளைக்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா என்றார்கள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. முதலில், இடைவேளை வரை மட்டும் விடுங்கள் என்றார்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள் போதும் என்றார்கள். பிறகு நீங்களும் கூடவே உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன், வேலையை விட்டுவிட்டு, பின்வாங்கில், ஆறு வயதுப் பிள்ளைகளின் நடுவில் முழங்காலை மடித்துக்கொண்டு. நான் இல்லாத ஒரு நாள் அவன் கையில் நகம் பதிந்த தடம். யார் கிள்ளியது? பேசத் தெரியாத பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? தங்காலைப் பக்கத்தில் ஆசிரியர் அறைந்து காது கேட்காமல் போன ஒரு மாணவனுக்கு 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் நியாயம் வழங்கியது. அந்தச் செய்தியை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வாய் இருந்தது.

பிறகு மனு வந்தது. வகுப்புப் பெற்றோர் சேர்ந்து எழுதியது. தங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது, பயப்படுகிறார்கள், இந்தப் பிள்ளையை விலக்குங்கள் என்று. அந்தப் பெயர்களை நான் ஒன்று விடாமல் பார்த்தேன். அதில் ஒரு பெயர், பிள்ளைப் பேற்றுக்கு ஆஸ்பத்திரி போனபோது மூத்த பிள்ளையை நான்கு நாள் என் வீட்டில் விட்டுப் போனவள். என் கையால் சோறு தின்ற பிள்ளையின் அம்மா. அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் கண்டபோது, “கோவிக்காதீங்க அக்கா, எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சேன்” என்றாள். எல்லாரும் வைத்தார்கள். என் பிள்ளை அவர்களின் பிள்ளைகளில் ஒருவரையாவது அடித்தானா? கடித்தானா? அழுதான். அவன் செய்த குற்றம் அழுதது.

நானும் சுத்தமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுத எனக்கு உரிமை இல்லை. அந்த மனு வந்த அன்று அவன் கொப்பியின் ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அகப்பைக் காம்பால் அடித்தேன். முதுகில், காலில், கை ஓயும்வரை அடித்தேன். அவன் அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அடி நின்றதும் எழுந்துபோய் அந்த அகப்பையை எடுத்து, அது தொங்குகிற ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். அது இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஆணியை நான் இன்னும் பிடுங்கவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போனேன். விசேட கல்வி அலகுள்ள பள்ளிக்கு எழுதித் தருகிறோம் என்றார்கள். அருகில் இருந்தது சிங்கள மொழி மூலம். தமிழில் வேண்டுமென்றால் இரண்டு பஸ், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, சனத்துக்குள் நெரிபட்டுக்கொண்டு, ஹோர்ன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு. “இல்லாட்டி வீட்டிலயே வச்சுப் பாருங்க அம்மா, அதுதான் பிள்ளைக்கும் நல்லம்.” இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! ஆஸ்பத்திரியில் கேட்டேன், அலுவலகத்தில் கேட்டேன், உறவுக்குள் கேட்டேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்கு நேர்த்தி வைத்துப் போன இடத்தில், மேளச் சத்தத்துக்கு இவன் கத்தியபோது முன்னால் நின்ற ஒருவர் திரும்பிச் சொன்னதும் அதுதான். நாத்தனார் கல்யாணத்து அழைப்பிதழோடு வந்ததும் அதுதான். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க அவன் என்ன விளக்கா, படமா?

இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1945 இலிருந்து இலவசக் கல்வி. அதைக் கொண்டுவந்த கன்னங்கராவின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பிந்தி வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. 2016 பெப்ரவரியில் இயலாமையுள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நாடு ஏற்று உறுதிசெய்தது, எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கிற உரிமை அதில் இருக்கிறது. அதே 2016 இல் கட்டாயக் கல்வி வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தினார்கள். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை எந்தப் பிள்ளையும் வீட்டில் இருக்கக்கூடாது. எந்தப் பிள்ளையும்! என் பிள்ளைக்குப் பன்னிரண்டு. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பேனையைக் கீழே வைத்திருப்பேன். தெரிந்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அதனால்தானே “சொந்த விருப்பத்தின் பேரில்” என்று எழுதச் சொன்னார்கள்? சட்டம் தெரியாதவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்குமா?

ஒரு முறை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் விபரம் எடுக்க ஒருவர் வந்தார். வாசலில் நின்றே கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார், அவன் போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷமும் இல்லை. “சுகயீனம்” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் பிள்ளைக்குக் காய்ச்சலா? அவன் நோயாளி இல்லை ஐயா! நோய் என்றால் மருந்து கேட்டிருப்பேன். நான் கேட்டது வாத்தியார்.

நாங்கள் விட்டுவிடவில்லை. 2021 இல் கடன் வாங்கி, தனியாரிடம் வாரம் ஒரு தரம் பயிற்சிக்கு விட்டோம். தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி, எட்டு மாதத்தில் முப்பது சொல் வந்தது. 2022 இல் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, விலைவாசி ஏறி அடுப்பெரிக்கவே வழியில்லை. நின்றுபோனது. 2023 செப்டெம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் இங்கே ஆசியக் கிண்ணம் ஆடிய அன்று ஊரெல்லாம் ஹோர்ன், விசில். அவன் கட்டிலுக்கடியில் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடந்தான். நானும் கீழே பக்கத்தில் படுத்துக் கிடந்தேன். பிறகு மழை வந்து ஆட்டத்தைக் குழப்பியது. ஊரே மழையைத் திட்டியது. எங்கள் வீட்டில் மட்டும் அந்த மழைக்குக் கும்பிட்டோம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். போன வருஷம் பலகொல்லச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். வந்த பஸ்ஸின் பலகையைப் பார்த்து அவன், “தெல்தெனிய” என்றான். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தது வந்தது. “மகியங்கனை.” அடுத்தது. “திகன.” என் கால் நடுங்கியது. வீட்டுக்கு வந்து அவன் தங்கச்சியின் வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். எழுத்தெழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, முதல் பக்கம் முழுதும் வாசித்தான். யாரும் கற்பிக்கவில்லை. அரும்புப் பருவத்தில் ஒரு கதிரை தராத ஊரில், பஸ்களின் நெற்றியைப் பார்த்து அவன் தமிழ் படித்திருக்கிறான்.

படிக்க முடியாத பிள்ளை என்றீர்களே. யாருக்கு முடியவில்லை? அவனுக்கா, உங்களுக்கா?

அன்று ஜன்னலோரத்தில் இன்னும் ஐந்து வருஷம் அவனை உட்கார விட்டிருந்தால் இன்று எவ்வளவு வாசித்திருப்பான்? என்ன எழுதியிருப்பான்? கையில் நகம் பதித்தது யார் என்று ஒரு வேளை எழுதிக் காட்டியிருப்பானா? மனுவில் கையெழுத்து வைத்தவர்களே, இந்தப் பத்திரிகையும் உங்கள் கைக்கு வரும். நீங்கள் கெட்டவர்கள் இல்லை, உங்களை எனக்குத் தெரியும். பெருநாளுக்குப் பலகாரம் அனுப்புகிறவர்கள், மையத்து வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் முதலில் ஓடுகிறவர்கள். என் வாசலுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

அந்தக் கடிதம் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். என் மகனின் பெயரை இடாப்பில் சிவப்பு மையால் வெட்ட அதுதான் ஆதாரம். அதிலுள்ள சொற்கள் என்னுடையவை இல்லை. எனக்கு அப்படி ஒரு விருப்பம் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தக் கையெழுத்தை இன்று திருப்பி எடுக்கிறேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது, பதினாறு ஆக இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. வரும் தவணை முதல் நாள், ஏழு மணிக்கு, அவனைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பேன். தண்ணீர்ப் போத்தல் பையின் இடது பக்கம் இருக்கும். தயவுசெய்து அதை மட்டும் கிளறாதீர்கள்.